ஒரே 10டபிள்யூ-30, ஆனால் வேறு ஆயில்: மாமாவின் யூனிகார்னில் கிளட்ச் வழுக்கலைச் சரிசெய்தது

வண்டி ஹோண்டா யூனிகார்ன் 150, பழைய கார்புரேட்டர் மாடல். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கும் என் தாய்மாமாவுடையது. பக்கத்துக் கடையில் சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி ஏறுவதில்லை. தனியாக ஓட்டினால் அவ்வளவாகத் தெரியாது. அத்தை பின்னால் உட்கார்ந்தால் பளிச்சென்று தெரியும். "கிளட்ச் பிளேட் போயிடுச்சு, முழு செட்டும் மாத்தணும்னு கடையில சொல்றாங்க மாப்ள. நீ ஒரு தடவ பாத்துடு, அப்புறம் குடுக்கலாம்" என்று மாமா போன் செய்தார்.

சர்வீஸுக்கு முன்பு இந்தத் தொந்தரவே இல்லை என்று அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கிளட்ச் பிளேட் படிப்படியாகத் தேயும். சர்வீஸுக்கு விடும்வரை நன்றாக இருந்துவிட்டு, திரும்பி வரும்போது தேய்ந்து வராது. அந்த சர்வீஸில் கிளட்சைத் தொடும் வேலை என்று பார்த்தால் இரண்டுதான்: கிளட்ச் கேபிள் அட்ஜஸ்ட் செய்தது, எஞ்சின் ஆயில் மாற்றியது. இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் பிளேட்டுக்குப் போக வேண்டும். பிளேட் மாற்றுவதென்றால் எஞ்சினின் வலது பக்க கவரைத் திறக்க வேண்டும், புது கேஸ்கெட் வேண்டும், கூலியும் சேரும். ஆயில் மாற்ற ஒரு ஸ்பேனரும் ஒரு பழைய பேசினும் போதும்.

முதலில் ஓட்டிப் பார்த்தேன். ஞாயிறு காலை, மேம்பாலத்தில் கூட்டம் இல்லாத நேரம். பின்னால் மாமா. நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரை ஒரே மூச்சில் முக்கால்வாசி திறந்தேன். கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் கொஞ்சம் முனகும், பிறகு சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறும். இங்கே சத்தம் மட்டும் விருட்டென்று ஏறியது. ஸ்பீடோமீட்டர் முள் இருந்த இடத்திலேயே நின்றது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டதும் கிளட்ச் மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த மாடலில் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் இல்லை, அதனால் காதால் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் சந்தேகத்துக்கே இடமில்லை. கிளட்ச் வழுக்குகிறது.

அடுத்தது கேபிள். கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆடும் இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாமல் கேபிள் விறைப்பாக இருந்தால், லிவரில் கை வைக்காதபோதும் கிளட்சைப் பாதி பிடித்திருப்பது போலத்தான். ஸ்பிரிங்கின் முழு அழுத்தம் பிளேட்டுகளுக்குப் போகாது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இடைவெளி சரியாக இருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் பார்த்தேன், அப்போதும் சரி. ஆக, மீதி இருப்பது ஆயில்.

பில்லில் "10டபிள்யூ-30 ஆயில்" என்று, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை எண் மட்டும் எழுதியிருந்தது. நல்ல வேளையாக, சர்வீஸில் காலியாகும் ஆயில் கேனைக் கடையிலேயே விட்டுவிட்டு வராமல் வாங்கி வருவது மாமாவின் வழக்கம். கொல்லைப்புறத்தில் கிடந்த அந்தக் கேனைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 10டபிள்யூ-30, அதன் கீழே 4டி, அதாவது ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது. பார்க்கும் யாரும் சரியான ஆயில்தான் என்று சொல்வார்கள். யூனிகார்னின் கையேட்டிலும் 10டபிள்யூ-30 என்றுதான் இருக்கிறது. கேனைத் திருப்பி, தரங்கள் அச்சிட்ட பொடி எழுத்துப் பகுதியைத் துணியால் துடைத்தேன். அங்கே சிறு கட்டத்துக்குள் ஜாசோ எம்பி என்றிருந்தது. ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பு. கையேடு கேட்பது ஜாசோ எம்ஏ.

அது ஸ்கூட்டருக்கான ஆயில். வேறு ஒரு தப்பும் இல்லாத, சீல் உடைக்காமல் வந்த, நல்ல ஆயில்தான். வண்டி மாறிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஏன் ஒரு எழுத்து இவ்வளவு வேலை செய்கிறது

கார் எஞ்சின் ஆயில் எஞ்சினை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கியர்பாக்ஸுக்கு வேறு எண்ணெய்; கிளட்ச் எண்ணெயே படாமல் உலர்ந்திருக்கும். நம் ஊரில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் அப்படி இல்லை. ஒரே லிட்டர் ஆயில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் மசகாக வேண்டும், கியர் பற்களுக்கு நடுவே நசுங்க வேண்டும், அதோடு கிளட்ச் பிளேட்டுகளையும் நனைக்க வேண்டும். இதைத்தான் வெட் கிளட்ச் என்கிறார்கள். உள்ளே ஃபைபர் பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங் அழுத்தத்தில் அவை ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதால்தான் எஞ்சினின் இழுவை சக்கரத்துக்குப் போகிறது. நடுவில் இருப்பதோ எண்ணெய். அந்த எண்ணெய் உலோகத்தைத் தேயாமல் காக்க வேண்டும், அதே சமயம் பிளேட்டுகள் பிடிக்கும் அளவுக்கு உராய்வையும் விட்டுவைக்க வேண்டும். ஒரே கேனிடம் இந்த இரண்டையும் கேட்கிறோம்.

ஸ்கூட்டரில் கதை வேறு. ஆக்டிவா போன்றவற்றில் பெல்ட்டில் ஓடும் சிவிடி, அதாவது கியர் மாற்றத் தேவையில்லாத அமைப்பு. அதன் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்கு வெளியே, தனி அறையில், உலர்ந்த நிலையில் இருக்கிறது. பின் சக்கரப் பக்கத்துக் கியர்களுக்கும் தனி எண்ணெய். எஞ்சின் ஆயிலுக்கு அங்கே எஞ்சின் மட்டும்தான் பொறுப்பு. அதனால் உராய்வை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கலாம். மைலேஜ் கொஞ்சம் கூடும். அப்படிக் குறைப்பதற்காகவே சேர்க்கும் வேதிப்பொருட்களுக்கு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்று பெயர். எம்பி வகை என்றால் உராய்வு குறைந்த ஆயில். எம்ஏ என்றால் வெட் கிளட்சுக்கு வேண்டிய உராய்வைக் காப்பாற்றித் தரும் ஆயில்.

இந்தப் பிரிவினையே கார் ஆயிலால் வந்ததுதான். எரிபொருள் மிச்சப்படுத்துவதற்காகக் கார் ஆயில்களில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் சேர்க்கத் தொடங்கியதும், அதே ஆயிலை ஊற்றிய பைக்குகளில் கிளட்ச் வழுக்கியது. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து 1998இல் பைக்குக்கென்று தனித் தரம் கொண்டுவந்தார்கள். அதுதான் ஜாசோ டி 903. ஆயிலில் ஊறிய கிளட்ச் பிளேட்டுகளை ஒரு சோதனைக் கருவியில் ஓட்டி மூன்று அளவுகள் எடுக்கிறார்கள்: சுழலும்போது உராய்வு எவ்வளவு, நின்ற நிலையில் பிடிப்பு எவ்வளவு, பிடித்து நிறுத்த எவ்வளவு நேரம் ஆகிறது. 2006 திருத்தத்தில் எம்ஏ வகைக்குள்ளேயே எம்ஏ1, எம்ஏ2 என்ற பிரிவுகள் வந்தன. மூன்று அளவுகளும் மேல் வரம்பில் இருந்தால் எம்ஏ2, மூன்றும் கீழ் வரம்பில் இருந்தால் எம்ஏ1, கலந்திருந்தால் வெறும் எம்ஏ. மூன்றுமே பைக்குக்கு ஏற்றவைதான். எம்பி மட்டும்தான் வெட் கிளட்சுக்கு ஆகாது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எம்பி ஆயில் ஊற்றிய எல்லா பைக்கும் மறுநாளே வழுக்கிவிடாது. புது பிளேட், வலுவான ஸ்பிரிங், ஒற்றை ஆள் சவாரி என்றால் மாதக்கணக்கில் தெரியாமலே ஓடும். கடைகளில் இந்தக் கலப்பு சகஜமாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாமா வண்டியின் பிளேட்டுகள் ஓரளவு தேய்ந்தவை, பின்னால் எப்போதும் ஆள் உண்டு, வழியில் மேம்பாலம் வேறு. அதனால் உடனே வெளியே தெரிந்துவிட்டது.

கேனின் பின்புறம்

புது ஆயில் வாங்க ஜே.சி. ரோடு போனேன். டவுன் ஹாலில் இருந்து மினர்வா சர்க்கிள் வரைக்கும் உதிரிபாகக் கடைகள்தான். கன்னடம், தமிழ், உருது, இந்தி எதில் கேட்டாலும் பதில் வரும். "யூனிகார்னுக்கு 10டபிள்யூ-30 குடுங்கண்ணா" என்றதும் கடைப் பையன் எடுத்து வைத்தது மறுபடியும் ஓர் எம்பி கேன்.

"தம்பி, இது ஸ்கூட்டர் ஆயிலாச்சே. எம்ஏ போட்டது இல்லயா?"

"ரெண்டும் 10டபிள்யூ-30 தான் சார், எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிர்ந்தார். "பைக்குக்கா கேக்குறாரு? அப்ப அது வேணாம்டா, மேல் தட்டுல இருக்கறத எடு." அந்தப் பையன் மேல் குற்றமில்லை. கேட்பவர்கள் எல்லோரும் முன்பக்க எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் அவனும் அதை மட்டும் பார்த்துத்தான் எடுப்பான்.

கேனின் பின்புறத்தில் நான் பார்ப்பவை இவை. முதலில் ஜாசோ கட்டம். நிஜக் கட்டத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பதிவுக் குறியீடு இருக்கும், நடுவே எம்ஏ அல்லது எம்ஏ2 என்றிருக்கும், அந்தத் தரத்துக்கு நிறுவனமே உத்தரவாதம் என்ற வாசகமும் இருக்கும். சில கேன்களில் கட்டம் இல்லாமல், வாக்கியத்துக்கு நடுவே "எம்ஏ2 தரத்தை எட்டுகிறது" என்று மட்டும் இருக்கும். கட்டம் போட்டது கிடைக்கும்போது நான் அதைத்தான் எடுப்பேன்.

இரண்டாவது ஏபிஐ வகுப்பு, அதாவது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் எஞ்சின் ஆயிலுக்குத் தரும் தர எழுத்து. எஸ்எல் 2001இல் வந்தது, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. எழுத்து பின்னால் போகப் போகப் புதுசு. கையேடு கேட்கும் வகுப்போ அதற்கு மேற்பட்டதோ இருந்தால் போதும். எஸ்ஜே கேட்கும் வண்டிக்கு எஸ்எல் ஊற்றலாம். ஆனால் ஏபிஐ வகுப்பு உயர்ந்ததாக இருப்பதாலேயே கிளட்சுக்கு நல்லது என்று ஆகாது. அந்த வகுப்பு எஞ்சினைப் பற்றியது, கிளட்சைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வட்ட முத்திரையின் கீழ்ப் பாதியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று இருந்தாலோ, கார் ஆயில்களில் வரும் நட்சத்திரச் சக்கர முத்திரை இருந்தாலோ, அதை பைக்குக்கு எடுக்கக் கூடாது. அது எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்த ஆயில்.

மூன்றாவதுதான் எல்லோரும் முதலில் பார்க்கும் கெட்டித்தன்மை எண். இதைப் பற்றித்தான் டீக்கடை வாதம் ஓயாது. மாமாவின் நண்பர் ஒருவர், "பெங்களூரு டிராஃபிக்ல எஞ்சின் கொதிக்குது, 20டபிள்யூ-50 போடு, சவுண்டும் கம்மியாகும்" என்றார். சத்தம் கொஞ்சம் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக ஊற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

10டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் எஞ்சினைச் சுழற்ற விடுகிறதா என்று சோதிக்கிறார்கள். நம் ஊரில் டிசம்பர் விடியலில் 15 டிகிரி வந்தாலே ஸ்வெட்டர் தேடுகிறோம், அந்த மைனஸ் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த 15 டிகிரியிலும் 20டபிள்யூ-50 ஆயில் 10டபிள்யூ-30ஐ விடக் கெட்டிதான். ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வு வரை போய்ச் சேரக் கூடுதல் நேரம் எடுக்கும். பின்னால் வரும் 30, 40, 50 எல்லாம் 100 டிகிரியில் அளப்பவை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையின் அலகு), 40 என்றால் அங்கிருந்து 16.3க்குள், 50 என்றால் 21.9க்குள். அதாவது 30க்குப் பதில் 50 ஊற்றினால் சூடான எஞ்சினில் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் கெட்டியான எண்ணெயை அந்த ஆயில் பம்ப் தள்ள வேண்டியிருக்கும். பம்பும் துளைகளும் பேரிங் இடைவெளியும் 30க்காக அமைத்தவை. எஞ்சின் உள்ளே இழுபடும், மைலேஜ் குறையும்.

பெங்களூரில் பதிவான உச்ச வெப்பம் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி. இதைவிடச் சூடான ஊர்களில் எல்லாம் இதே யூனிகார்ன் இதே 10டபிள்யூ-30 ஆயிலில் ஓடுகிறது. ஹெப்பாளிலும் சில்க் போர்டிலும் நின்று நின்று போகும்போது காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் சூடேறுவது நிஜம். அதற்கு மருந்து ஆயில் அளவைக் குறையாமல் வைப்பதும் நேரத்தில் மாற்றுவதும்தான். பழைய பல்சர் 150க்கு 20டபிள்யூ-50, ராயல் என்ஃபீல்டின் பழைய (யூசிஇ) எஞ்சின் போட்ட கிளாசிக் 350க்கு 15டபிள்யூ-50 என்று அந்தந்தக் கையேடு சொல்கிறது. அந்த எஞ்சின்கள் அப்படி அமைக்கப்பட்டவை. பக்கத்து வீட்டு பல்சர் குடிப்பதை யூனிகார்னுக்கு ஊற்ற வேண்டியதில்லை. சில கையேடுகளில் ஊர் வெப்பநிலைக்கு ஏற்ப எந்தெந்த எண் ஊற்றலாம் என்று ஒரு பட்டைப் படம் இருக்கும். இருந்தால் அதற்குள் மாற்றிக்கொள்ளலாம்.

கார் ஆயிலை பைக்கில் ஊற்றாதே என்பதற்குக் கிளட்ச் போக இன்னொரு காரணமும் உண்டு. 10டபிள்யூ-30 போல இரண்டு எண் கொண்ட மல்டிகிரேட் ஆயில் சூட்டில் ரொம்ப நீர்த்துப் போகாமல் இருக்க இடியாப்ப இழை மாதிரி நீளமான பாலிமர்களைக் கலக்கிறார்கள். பைக்கில் அதே ஆயில் கியர் பற்களுக்கு இடையே ஓடுவதால் அந்த இழைகள் வெட்டுப்பட்டு ஆயில் மெலிந்துபோகும். கியர் விழுவது புது ஆயிலில் வெண்ணெயாக இருந்து, நாள் போகப் போகக் கடகடவென்று ஆவது இதனால்தான். ஜாசோ தரத்தில் இதற்கும் சோதனை உண்டு: வெட்டுச் சோதனை முடிந்த பிறகும் 30 கிரேடு ஆயில் 9.0 சென்டிஸ்டோக்குக்குக் கீழே போகக் கூடாது. தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸும் 0.08 முதல் 0.12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

மினரலா, செமி சிந்தெட்டிக்கா, முழு சிந்தெட்டிக்கா? இதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. சிந்தெட்டிக் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. வழுக்குவதற்குக் காரணம் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர், சிந்தெட்டிக் என்ற அடிப்படை எண்ணெய் இல்லை. எம்ஏ2 கட்டம் போட்ட முழு சிந்தெட்டிக் ஆயில் தாராளமாகக் கிடைக்கிறது. மாமா தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி இது. கையேட்டு இடைவெளியில் ஒழுங்காக மாற்றினால் மினரல் போதும். இந்தத் தடவை உள்ளே தங்கும் எம்பி ஆயிலைக் கழுவி எடுப்பதற்கும் சேர்த்து வாங்க வேண்டியிருந்ததால் மினரலே எடுத்தேன்: 10டபிள்யூ-30, ஏபிஐ எஸ்எல், ஜாசோ எம்ஏ.

பில்லோடு, சீல் உள்ள கேனாகப் பார்த்து வாங்குங்கள். மூடியைத் திறந்தால் உள்ளே வாயில் ஒட்டிய அலுமினியத் தாள் கிழியாமல் இருக்க வேண்டும். காலிக் கேன்களில் கண்டதை நிரப்பி விற்கும் வியாபாரம் இருப்பதால்தான் மாமா கேனை வீட்டுக்கு எடுத்து வருகிறார். நான் அதைக் கத்தியால் கிழித்துவிட்டுத்தான் பழைய பொருள்காரரிடம் போடுவேன்.

ஆயில் மாற்றம்

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் இளகி முழுசாக வடியும். கை சுடும் அளவுக்குச் சூடாக்க வேண்டாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சின் அடியில் பேசினை வைத்து, மேலே டிப்ஸ்டிக் மூடியைத் தளர்த்தினேன். பிறகு ட்ரெயின் போல்ட். அதற்கு ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோதான் போட வேண்டும். ஓப்பன் ஸ்பேனர் நழுவி போல்ட்டின் மூலைகளை மழுங்கடித்துவிடும், பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

வடிந்த ஆயிலைக் கவனமாகப் பார்த்தேன். பிளேட்டின் நிலைமையை கவரைத் திறக்காமலே ஓரளவு சொல்லக்கூடியது இதுதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு துளி எடுத்துத் தேய்த்தேன். நறநறவென்று இல்லை. கருகிய வாடை இல்லை. எரிந்த கிளட்சுக்கு ஒரு காரமான நாற்றம் இருக்கும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. டார்ச் அடித்து பேசினை லேசாகச் சாய்த்துப் பார்த்தபோது ஃபைபர் துணுக்குகளும் இல்லை, உலோக மினுக்கலும் இல்லை. நிறம் லேசாகக் கறுத்திருந்தது, அது எப்போதும் ஆவதுதான். ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் அழுக்கைத் தன்னோடு இழுத்துக்கொள்வதால் வரும் கறுப்பு. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று கவலைப்பட வேண்டும். ஆக, பிளேட்டுகள் கருகவில்லை என்று ஒரு நம்பிக்கை வந்தது.

சொட்டு நின்றதும் இக்னிஷனை அணைத்தபடியே கிக்கரைச் சிலமுறை மிதித்தேன், உள்ளே தேங்கியதும் கொஞ்சம் வந்தது. இந்த வண்டியில் மாற்றிப் போடும் காகித ஃபில்டர் கிடையாது. உள்ளே ஒரு வலைச் சல்லடையும், சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் வடிப்பானும்தான். அவற்றுக்கு கவரைத் திறக்க வேண்டும், இன்றைக்குத் தேவையில்லை.

ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டேன். சில ரூபாய்ப் பொருள், ஆனால் பழையது ஒருமுறை நசுங்கிவிட்டால் ஒழுகும், ஒழுகுவதை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள், எஞ்சின் பக்கத்து அலுமினிய மரை போய்விடும். போல்ட்டை முதலில் கையாலேயே கடைசிவரை ஏற்ற வேண்டும். கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன். ரெஞ்ச் இல்லாதவர்கள், வாஷர் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு லிட்டர் கேனை அப்படியே கவிழ்க்காமல் 800 மில்லியில் நிறுத்தி, எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இன்னும் மூன்று நிமிடம் பொறுத்தேன். பிறகு வண்டியை நேராக நிறுத்தி அளவு பார்த்தேன். ஹோண்டாவில் டிப்ஸ்டிக்கை மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிவிட்டுப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், குறைவாக ஊற்றிவிட்டு நிறைந்துவிட்டது என்று நினைப்போம். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். கோட்டைத் தாண்டினால் அதுவும் கெடுதல்தான், அதிகப்படி ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் போய்விடும்.

அன்று மாலையே மாமாவை ஏற்றிக்கொண்டு அதே மேம்பாலம், அதே நான்காவது கியர். வழுக்கல் வெகுவாகக் குறைந்திருந்தது, முழுசாகப் போகவில்லை. முழு ஆக்ஸிலேட்டரில் ஒரு கணம் சத்தம் முந்துவது கேட்டது. "பாத்தியா, பிளேட்டுதான்" என்றார் மாமா. நான் எதிர்பார்த்தது இதுதான் என்று சொன்னேன். கையேடுகளில் ஆயில் அளவு இரண்டு விதமாக இருக்கும்: வடித்து ஊற்றும்போது இவ்வளவு, எஞ்சினை முழுசாகப் பிரித்துச் சேர்க்கும்போது அதைவிடக் கொஞ்சம் கூட. அந்த வித்தியாசம்தான் எவ்வளவு வடித்தாலும் உள்ளேயே தங்கிவிடும் பழைய ஆயில். 1,200 மில்லியில் 200 தங்கியதாக வைத்துக்கொண்டால், புது ஆயிலில் ஆறில் ஒரு பங்கு இன்னும் எம்பிதான். இன்னொரு தடவை வடித்து ஊற்றினால் அது முப்பத்தாறில் ஒரு பங்காகிவிடும். ஃபைபர் பிளேட்டுக்குள் ஊறியிருப்பது வெளியே வரவும் கொஞ்சம் ஓட்டம் வேண்டும்.

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவிவிடலாம் என்று யோசனை சொன்னவர்களுக்கு வேண்டாம் என்றே சொன்னேன். அதுவும் அதே அளவுக்கு உள்ளே தங்கும். தங்கியது புது ஆயிலை நீர்க்கச் செய்யும். எம்பி ஆயிலைக் கழுவ எம்ஏ ஆயில்தான் சரி.

சுமார் 400 கிலோமீட்டர் ஓடட்டும், அதுவரை முழு ஆக்ஸிலேட்டர் வேண்டாம் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டேன். வழுக்கும் கிளட்சை விரட்டினால் பிளேட்டின் முகம் பளபளவென்று மெருகேறிவிடும்; அப்படி ஆகிவிட்டால் எந்த ஆயிலும் காப்பாற்றாது. அவரும் சொன்னபடி ஓட்டினார். பிறகு அதே பிராண்ட், அதே ஆயில், இன்னொரு கேன், அதே முறை. இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு மேம்பாலத்தில் அத்தையையே ஏற்றிக்கொண்டு மாமா ஓட்டினார். நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறின. "இப்பதான்டா பழைய மாதிரி இழுக்குது" என்று பாலத்தின் மறு இறக்கத்தில் நிறுத்திச் சொன்னார். இரண்டு லிட்டர் ஆயிலும் இரண்டு வாஷரும், செலவு பிளேட் செட்டும் கூலியும் சேர்ந்ததில் பாதிகூட வரவில்லை.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் பலர் அதைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். இந்த ஊரின் மழைநீர்க் கால்வாய்கள் ஏரிகளில்தான் போய்ச் சேருகின்றன. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய எஞ்சின் ஆயில் அபாயகரக் கழிவு. கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அவர்கள் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

மாமா இப்போது ஆயில் கேனைத் தானே வாங்கி வண்டியோடு கொடுக்கிறார், பில்லில் எம்ஏ என்று எழுதச் சொல்கிறார். அத்தையின் ஆக்டிவாவுக்கு எம்பி கேன் தனியாக. இரண்டின் மூடியிலும் மார்க்கரால் வண்டிப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். பிளேட்டுகள் பழையவைதான் என்பதால் விவகாரம் முழுசாக முடிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது சுழல் வடிப்பானைச் சுத்தம் செய்ய எப்படியும் வலது கவரைத் திறக்க வேண்டும். அப்போது ஃபைபர் பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியர் வைத்து அளந்து கையேட்டு வரம்போடு ஒப்பிடப் போகிறேன். கவர் கேஸ்கெட்டை இப்போதே வாங்கி வைத்தாகிவிட்டது.